ஆப்பிளும் கொதிநீரும்

பண்டம் கெடாமல் இருக்க நம் வீடுகள் நம்பியது உப்பு, எண்ணெய், வெல்லம், வெயில். வடாமோ வடுமாங்காயோ, இவற்றில் ஏதாவது ஒன்றின் காவலில்தான் இருக்கும். இன்று நான் பேசப்போகும் ஆப்பிள் மசியலுக்கு அந்தக் காவல் எதுவும் இல்லை. பழம், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, சூடு, காற்றுப் புகாத மூடி, அவ்வளவுதான். ஒழுங்காகப் புட்டியில் அடைத்தால் ஒரு வருஷம் நிற்கும். ஊறுகாயில் கைப்பிசகு நேர்ந்தால் உப்பு காப்பாற்றிவிடும். இங்கே அப்படிக் கைகொடுக்க ஆளில்லை. சமையல் குறிப்பு என்று சொல்லி இதை ஒதுக்க எனக்கு மனம் வராததற்கு அதுதான் காரணம்.

இதைத் தொடங்கிவைத்தவர் பிரான்ஸில் மிட்டாய் செய்துகொண்டிருந்த நிக்கொலா அப்பேர். கண்ணாடிப் புட்டியில் உணவை அடைத்து, தக்கையால் இறுக்கி, கொதிநீரில் வைத்து எடுத்தார். 1810-ல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. அரசின் கவலை படைவீரர்களின் சாப்பாடு. உணவு ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. அதை விளக்கவேண்டிய லூயி பாஸ்டர் பிறந்ததே 1822-ல்தான்.

சிப்பாய்ச் சாப்பாட்டில் பிறந்த அந்தக் கலைக்கு மைசூர் அந்நிய ஊர் அல்ல. பாதுகாப்புத் துறையின் உணவு ஆராய்ச்சிக்கூடம் 1961 முதல் இங்கேதான் இருக்கிறது. அதற்கும் முன்பே, 1950-ல், இளவரசி செலுவாஜம்மண்ணிக்காகக் கட்டிய மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் குடியேறிவிட்டது. பழத்தைப் பதப்படுத்துவதைப் பற்றிச் சந்தேகம் கேட்க இதைவிடத் தோதான ஊர் கிடையாது. இல்லாதது ஆப்பிள் மரம் மட்டும்தான்.

ஆப்பிளுக்குக் குளிர் வேண்டும். தேவராஜ மார்க்கெட்டுக்கு ஆடி ஆவணியில் இமாசலப் பழமும், அதன் பின்னாலேயே காஷ்மீர்ப் பழமும் வந்து இறங்கும். சிவப்பு டெலிஷஸ் ரகத்தை இமாசலத்தின் கோட்கர் மலையில் ஊன்றியவர் சாமுவேல் ஸ்டோக்ஸ். 1904-ல் தொழுநோயாளிகளுக்குப் பணி செய்ய வந்த அமெரிக்கர், பிற்பாடு சத்யானந்தர் ஆனவர். அவர் கொண்டுவந்த பழம் கண்ணைப் பறிக்கும், கடித்துத் தின்னவும் நல்லது. மசியலுக்கு மட்டும் என் ஓட்டு அதற்கு இல்லை. புளிப்பு போதாது, வெந்ததும் சப்பென்று ஆகிவிடும். கூடவே பச்சை ஆப்பிள் இரண்டு சேர்த்தால் ருசி எழுந்து நிற்கும்.

கொடைக்கானல், நீலகிரிப் பக்கம் போகிறவர்களுக்கு யோகம் உண்டு. அதிகக் குளிர் கேட்காத பார்லின்ஸ் பியூட்டி போன்ற ரகங்கள் அங்கே விளைகின்றன. மரத்திலிருந்து பறித்து நேரே வரும் பழத்தில் மெழுகுப் பூச்சு இருக்காது. நன்றாகக் கழுவி, விதையை நீக்கி, தோலோடு துண்டுபோட்டு, அடி கனமான பாத்திரத்தில் ஒரு கை தண்ணீர் தெளித்து மூடி வேகவைக்கலாம். குழைந்ததும் சல்லடையில் தேய்த்தால் தோல் மேலே தங்கும், அதன் சாயம் மட்டும் இறங்கி மசியல் இளஞ்சிவப்பாக வரும். தோலில் பெக்டின் இருப்பதால் கெட்டியாகவும் நிற்கும். அடிபட்ட பழத்தைச் சேர்க்கலாம். பூஞ்சை பிடித்த பழத்தை முழுசாகவே எறிந்துவிடுங்கள். பூஞ்சை விடும் பேட்டுலின் என்ற நச்சு அடுப்புச் சூட்டுக்கு அசைந்துகொடுக்காது.

இனிதான் கலையின் கடினமான பகுதி. சூடான புட்டியில் சூடான மசியலை நிரப்பி, மேலே அரை அங்குலம் காலி விடவேண்டும். கத்தியை ஓரமாக விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் காற்றுக் குமிழ்கள் வெளியேறும். வாய் விளிம்பை ஈரத்துணியால் துடைக்கவேண்டும். ஒரு துளி ஒட்டியிருந்தாலும் மூடி பிடிக்காது. மூடி புதியதாக இருக்கட்டும். பழைய ஜாம் பாட்டில் மூடியின் உள்வளையம் ஒருமுறை அழுந்தியதோடு சரி. அண்டாவின் அடியில் துணி விரித்து, புட்டிக்கு மேல் ஒரு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி கொதிக்கவிடுங்கள்.

எவ்வளவு நேரம்? ஊரைக் கேட்டுத்தான் சொல்லமுடியும். அரை லிட்டர் புட்டிக்குச் சென்னையில் 15 நிமிஷம் போதும். மைசூர் ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 97 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், ஆகவே 20 நிமிஷம். ஊட்டியில் 93 டிகிரிகூட எட்டாது, 25 நிமிஷம் வேண்டும். தளதளவென்று கொதிப்பதைப் பார்த்துச் சூடு ஒன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது.

இத்தனையும் கேட்டபின் நஞ்சன்கூடு ரசபாளே வாழைப்பழத்தை இப்படியே புட்டியில் போடலாமா என்று கேட்பீர்கள். கூடாது. கொதிநீர்ச் சூடு போதுமா என்பதைப் பழத்தின் புளிப்புதான் தீர்மானிக்கிறது. பி.எச். அளவு 4.6-க்குக் கீழே இருந்தால் பொட்டுலிசம் நச்சைத் தரும் கிருமி தலைதூக்காது. ஆப்பிள் பெரும்பாலும் 4-க்குள் அடங்கும். கனிந்த வாழையும் பப்பாளியும் 4.6-ஐத் தாண்டிவிடுகின்றன, கிருமியின் வித்து கொதிநீருக்குச் சாகாது, காற்றில்லாத புட்டிக்குள் அதற்குக் கொண்டாட்டம்தான். ரசபாளேயை அப்படியே உரித்துத் தின்பதுதான் அதற்கும் மரியாதை.

அண்டாவிலிருந்து எடுத்த புட்டிகளை ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வையுங்கள். பிறகு மூடியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உள்வாங்கி அசையாமல் இருந்தால் அலமாரிக்கு. 'டிக்'கென்று மேலெழும்பினால் பிரிட்ஜுக்கு. நாலைந்து நாளில் சப்பாத்திக்குத் தொட்டுக்கொண்டு தீர்த்துவிடுங்கள். ஏலக்காய் ஒரு சிட்டிகை சேர்த்தால் இன்னும் சீக்கிரம் தீரும்.