மும்மூன்றாய் நறுக்கும் நொதி



மொழி பற்றிய அரங்கில் நொதிக்கு என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். ஒரு நொதி குறைந்தால் குழந்தையின் பேச்சே மங்கிப்போகும் என்பது நம் விடை.

நம் உயிரணுக்களுக்குள் லைசோசோம் எனும் நுண்பைகள் உள்ளன. 1955ஆம் ஆண்டில் பெல்ஜிய அறிஞர் கிறிஸ்தியான் தெ துவ் இவற்றை உலகுக்கு அறிவித்தார். பழுதுற்ற புரதங்கள் இங்கே சிதைக்கப்படுகின்றன. அப்பணியாற்றும் நொதிகளுள் ஒன்று டிரைபெப்டிடில் பெப்டிடேஸ் 1. பெயரைப் பிரித்தால் பொருள் விளங்கும். ‘டிரை’ என்பது மூன்று. ‘ஏஸ்’ என்பது நொதியைச் சுட்டும் விகுதி. புரதத்தை அமினோ அமில மணிகள் கோத்த சரமாகக் கொள்வோம். இந்நொதி சரத்தின் தொடக்க முனையிலிருந்து மும்மூன்று மணிகளாக நறுக்குகிறது. ஆதலின் ‘மும்மணி நறுக்கி’ எனத் தமிழில் விளக்கலாம்.

உருவாகும்போது இதன் நீளம் 563 அமினோ அமிலங்கள். முதல் 19, நொதியைச் செல்லவேண்டிய பாதையில் சேர்த்துவிட்டு நீங்கும். அடுத்த 176, நொதியின் செயலை அடக்கிவைக்கும் முன்னொட்டு. ‘நீதி’யின் முன் ‘அ’ நின்று ‘அநீதி’ என மறுப்பது போன்றதே இது. லைசோசோமின் அமிலச் சூழலை அடைந்ததும் நொதி அம்முன்னொட்டைத் தானே அறுத்து நீக்குகிறது. எஞ்சிய 368 அமிலங்களே வேலை செய்யும் கத்தி. உரிய இடம் சேருமுன் கத்தி உறையிலிருந்து வெளிவருவதில்லை.

பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்துசேரும் குழந்தையிடம் இந்நொதி இயங்குவதில்லை. சிதையாத பொருள்கள் லைசோசோம்களில் தேங்க, மூளையின் நரம்பணுக்கள் மடிகின்றன. பேச்சு வளர்ச்சி பிந்துகிறது. இரண்டு முதல் நான்கு வயதுக்குள் வலிப்பு தோன்றுகிறது. பின்னர்க் கற்ற சொற்களும் நடையும் பார்வையும் ஒவ்வொன்றாய் மறைகின்றன. காரணமான மரபணு 1997இல் அறியப்பட்டது. 2017இல் மாற்று நொதி மருந்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒப்புதல் பெற்றது. குருதிவழி செலுத்தினால் மூளையை எட்டாதாகையால், இரு வாரங்களுக்கு ஒருமுறை நேரே மூளையின் நீரறைக்குள் அதனைச் செலுத்துவர். அது நோயைத் தீர்ப்பதன்று. இழப்பின் வேகத்தைத் தணிப்பது. ஆகவே காலம் தாழ்த்தாமை முதன்மையாகிறது.

பன்மொழிச் சூழலில் வாழும் நாம், குழந்தையின் பேச்சு பிந்தினால் ‘வீட்டில் இரண்டு மொழி, அதனால்தான்’ என்று ஆறுதல் கொள்கிறோம். இந்நோய் மிக அரிது. பேச்சு பிந்தும் குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர்க்கு இது இல்லை. ஆயினும் பேச்சுத் தாமதத்தோடு வலிப்பும் சேர்ந்தால், அன்றியும் பேசிய சொற்கள் மறையத் தொடங்கினால், மொழிகளின் மேல் பழி சுமத்திக் காத்திராமல் மருத்துவரை உடனே நாடச் சொல்வோம். குழந்தையின் சொற்களை நாள்தோறும் கேட்கும் ஆசிரியர்க்கு இக்கடமை உண்டு.