உயரம் கூட்டினால் பயிர் தப்பும், ஆள் தப்ப வேண்டாமா?

(ஜெகதாப்பட்டினத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



பழைய சின்ன டிராக்டர் ஒன்றைக் கூட்டமைப்புப் பணத்தில் வாங்கி, அதை உயர்த்திக் கட்டி, பருத்திக்கும் மிளகாய்க்கும் களை ஓட்ட வாடகைக்கு விடலாம் என்று மூன்று குழுக்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும் இல்லீங்களா?

சாதாரண டிராக்டரின் வயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளி ஏறத்தாழ ஒரு அடி, ஒன்றே கால் அடி இருக்கும். பருத்தி நட்டு ஒரு மாதம் வரை செடி அதற்குள் அடங்கிவிடும். அதற்கு மேலே வளர்ந்தால் முன் ஆக்சில் மொட்டையும் கிளையையும் ஒடித்துக்கொண்டே போகும். அரை அடி உயர்த்தினால் கூடுதலாக இரண்டு, மூன்று வாரம் வயலுக்குள் போகலாம். மண் அணைக்கும் நேரமும் அதுதான், களை முற்றும் நேரமும் அதுதான். அதனால் அந்த அரை அடிக்கு மதிப்பு இருக்கிறது. நிலக்கடலை போடுகிறவர்களுக்கு இது தேவையே இல்லை. கடலைச் செடி தரையோடு இருக்கும், அங்கே உயரம் வேண்டாம், ஒடுங்கிய டயர் போதும்.

இது புதுசாக முளைத்த எண்ணமும் இல்லை. வரிசைப் பயிருக்குள் போவதற்கென்றே அமெரிக்காவில் 1924-ல் 'ஃபார்மால்' என்ற டிராக்டர் வந்தது. உயரமான பின் ஆக்சில், முன்னால் ஒட்டியபடி இரண்டு சின்னச் சக்கரம். அதற்கு முன்பிருந்த டிராக்டர்களில் பெரும்பாலானவை வரிசைப் பயிருக்குள் போவதற்கு ஏற்றவையாக இல்லை. நம்ம நாட்டில் குஜராத்தில் அம்ரேலி மாவட்டத்து விவசாயி மன்சுக்பாய் ஜகானி 1994-ல் ஒரு வேலை செய்தார். வறட்சியில் தீவனம் இல்லை, மாடு வைத்துக் கட்டுப்படியாகவில்லை. புல்லட் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஒரு ஆக்சிலும் இரண்டு சக்கரமும் மாட்டி, பின்னால் கலப்பை கட்டினார். 'புல்லட் சாந்தி' என்று பெயர். அந்தப் பக்கத்துக் கடலையிலும் பருத்தியிலும் இடை உழவு ஓடியது. அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. பட்டறையில் செய்த சாமான்தானே என்று அதை யாரும் தள்ளிவிடவில்லை.

நம்ம ஊரில் விசைப்படகு இன்ஜினைப் பிரித்து மாட்டுகிற கைகளுக்குப் பஞ்சமில்லை. லேத்துப் பட்டறைக்காரர் "நான் செஞ்சு தர்றேன்" என்று சொல்லிவிடுவார். எதை எப்படிச் செய்யப் போகிறார் என்று கேட்க நமக்குத் தெரிய வேண்டும்.

முதல் வழி டயர். பின்சக்கரத்துக்குப் பெரிய ரிம், ஒடுங்கிய டயர் போடுவது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது, பலர் ஏமாறுவது இங்கேதான். சக்கரத்தின் மொத்த உயரம் 50 அங்குலத்திலிருந்து 56 ஆனால் வண்டி ஆறு அங்குலம் ஏறாது, மூன்று அங்குலம்தான் ஏறும். ஆக்சில் நடுவில் அல்லவா இருக்கிறது! அதோடு ஒவ்வொரு கியரிலும் வேகம் எட்டில் ஒரு பங்கு கூடிவிடும், இழுவை அந்த அளவு குறைந்துவிடும், பிரேக்குக்கும் சுமை கூடும். இளஞ்செடிக்கு நடுவே மெதுவாகப் போக வேண்டிய வண்டி வேகமாகப் போனால் மண் எகிறிக் குருத்தை மூடிவிடும். முதல் கியரில் எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று வாங்குவதற்கு முன்பே நடந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்னால் உயர்த்திவிட்டு முன்னால் விட்டுவிட்டால் வண்டி மூக்கு குத்தி நிற்கும், ஸ்டியரிங்கின் சாய்வுக் கணக்கும் கெட்டுப்போகும். ஆகவே முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்பிண்டிலை நீளமாக்க வேண்டும். இங்கே ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பழைய ஸ்பிண்டிலை அறுத்து நடுவில் துண்டு வைத்து வெல்டிங் அடிப்பதை ஒத்துக்கொள்ளவே கூடாது. நல்ல இரும்பில் ஒரே துண்டாகக் கடைந்ததாக இருக்க வேண்டும். நீளம் கூடினால் குழியில் விழும்போது வாங்குகிற அடியும் கூடும். அதிலும் நம்முடையது உப்புக்காற்று அடிக்கிற ஊர். வெல்டிங் ஓரத்தில் துரு உள்ளே போவது வெளியே தெரியாது.

இன்னொரு வழி, பின் ஆக்சிலின் இரண்டு முனையிலும் ஒரு சின்னக் கியர் பெட்டி மாட்டி, சக்கரத்தைக் கீழே இறக்குவது. இதில்தான் நிறைய உயரம் கிடைக்கும். ஆனால் பெட்டிக்குள் இரண்டு பல்சக்கரம் மட்டும் வைத்தால் சுழற்சி திரும்பிவிடும். முன்னால் போகிற கியர் போட்டால் வண்டி பின்னால் போகும்! நடுவில் மூன்றாவது பல்சக்கரமோ, அல்லது செயினோ வேண்டும். துல்லியமாகச் செய்யாவிட்டால் எண்ணெய் கசியும், பல் உடையும். கூட்டமைப்புக் கடன் வாங்கி இதைச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. முறைப்படி தயாரித்த தொழிற்சாலை வண்டி வாங்குகிற காசு வரட்டும், அப்போது பார்க்கலாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் நடப்பதும், தலையில் வைத்துக்கொண்டு நடப்பதும் ஒன்றா? உயர்த்திய டிராக்டர் தலையில் குடம் வைத்த மாதிரி. ஒரு சக்கரம் வாய்க்காலில் இறங்கினாலே சாயும். வண்டியின் பாரம் கூடுகிற இடம் தரையிலிருந்து இரண்டரை அடியில் இருந்தது மூன்று அடிக்குப் போனால், சக்கரங்களுக்கு நடுவே நாலரை அடி அகலமுள்ள வண்டி கவிழ்வதற்கான சரிவு 42 பாகையிலிருந்து 37-க்கு இறங்கிவிடும். இது நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கு. ஓடுகிற வண்டி, குலுங்குகிற வண்டி, திரும்புகிற வண்டி இன்னும் சீக்கிரம் கவிழும். அதனால் உயர்த்தும்போதே அகலமாக்கவும் வேண்டும். பின் சக்கரத்தின் டிஸ்க்கைத் திருப்பிப் போட்டாலே அகலம் கூடும், முன் ஆக்சிலிலும் துளை மாற்றி நீட்டலாம். உங்கள் பயிர் வரிசைக்கு ஏற்ற அகலமாகவும் அது இருக்க வேண்டும்.

கலப்பைக்கும் ட்ரெய்லருக்கும் கொக்கி மாட்டும் இடத்தை மேலே தூக்கவே கூடாது. மேலே மாட்டி இழுத்தால் முன்சக்கரம் எழும்பி வண்டி பின்னால் மல்லாந்துவிடும். ஓட்டுகிறவர் அடியில் மாட்டிக்கொள்வார். உயர்த்திய வண்டியில் ட்ரெய்லர் கட்டி ரோட்டில் நெல் மூட்டை ஏற்றலாமா என்று சிலர் கேட்டார்கள். கூடாதுங்க. அது களை ஓட்டுகிற வண்டி.

இருக்கைக்குப் பின்னால் கவிழ்ந்தாலும் நசுங்காத இரும்புச் சட்டமும் சீட் பெல்ட்டும் கட்டாயம் வேண்டும். ஸ்வீடனில் புது டிராக்டர்களுக்கு இந்தச் சட்டம் வேண்டும் என்று 1959-லேயே விதி போட்டார்கள். அங்கே கவிழ்ந்து சாகிறவர்கள் நன்றாகக் குறைந்துபோனார்கள். அதே 1959-ல்தான் ஐஷர் கம்பெனி பரிதாபாத்தில் நம் நாட்டின் முதல் டிராக்டரைத் தயாரித்தது. அந்த மாதிரிப் பழைய வண்டிகளில் இந்தச் சட்டம் இருக்காது. வாங்கியவுடன் மாட்டுகிற முதல் சாமான் அதுவாக இருக்கட்டும், டயர் அப்புறம்.

வண்டியின் அமைப்பை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். இல்லையென்றால் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிடைக்காமல் போகலாம். வேளாண்மைப் பொறியியல் துறைப் பொறியாளரிடம் வண்டியைக் காட்டிக் கேட்பதற்குச் செலவில்லை. புதுக் கருவிக்குப் பெண் விவசாயிகளுக்குப் பாதி மானியம் உண்டு, பழைய வண்டிக்குக் கிடையாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இன்னொன்று, பேசுவதற்குக் கூச்சமாக இருந்தாலும் பேச வேண்டியது. களை எடுப்பது யாருடைய கூலி? நம்முடையது. வரிசைக்கு நடுவே வண்டி போனால் அந்த நாட்கள் குறையும். செடிக்கும் செடிக்கும் நடுவே உள்ள களையைக் கைதான் எடுக்க வேண்டும், அது தீராது. ஆனாலும் நாள் குறையும் என்பது உண்மை. அதனால் வாடகை வருமானத்தில் ஒரு பங்கு களையெடுக்கும் உறுப்பினர்களுக்குத் தனியாக எழுத வேண்டும், ஓட்டுவதும் நாமாக இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். 1991-ல் அறிவொளி இயக்கம் வந்தபோது, ஷீலா ராணி சுங்கத் அம்மா கலெக்டராக இருந்த காலத்தில், இதே புதுக்கோட்டை மாவட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். அப்போதும் "பொம்பளைக்கு எதுக்கு சைக்கிள்" என்று சொன்னவர்கள் இருந்தார்கள். லேடீஸ் சைக்கிளைவிட முன்கம்பி வைத்த சைக்கிளே பிள்ளையை உட்காரவைக்கத் தோது என்று சொன்ன அக்காமாரும் இருந்தார்கள். டிராக்டர் லைசென்ஸுக்கு எங்கள் குழுவில் இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், மற்ற குழுக்களிலும் கேளுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் தங்கள் வயலில் இரண்டு வரிசைக்கு நடுவே எத்தனை அங்குலம், நாற்பதாம் நாள் செடி எத்தனை அங்குலம், வயலுக்குப் போகிற வழியில் எத்தனை வரப்பு ஏறி இறங்க வேண்டும் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தக் கணக்கு கையில் இல்லாமல் பட்டறைக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று தலைவியைக் கேட்டுக்கொள்கிறேன்.