வாடையும் வாழ்நலமும்



மார்கழி பிறந்துவிட்டால் நம்மவர் வீடுகளில் இரண்டு ஒலிகள் கேட்கத் தொடங்கிவிடும். ஒன்று, விடியற்புறத்திலே கோயிலிலிருந்து வரும் திருவெம்பாவை. மற்றையது, அடுத்த அறையிலிருந்து வரும் இருமல். பாடசாலை விடுமுறை, நத்தார், புதுவருடம், தைப்பொங்கல் என்று கொண்டாட்டங்கள் அடுத்தடுத்து வருகின்ற இக்காலத்திலேதான் தடிமனும் காய்ச்சலும் சேர்ந்தே வருகின்றன. ஆகவே, பனிக்காலத்து உடல்நலம் பற்றி நம் இலக்கியத்தின் துணையோடு சிறிது சிந்திக்கலாம் எனக் கருதுகின்றேன்.

ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தவர் நம் முன்னோர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. கூதிர்காலக் குளிரை நேரிலே கண்டது போலக் காட்டும் நூல், பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய நெடுநல்வாடை. நக்கீரர் பாடிய இந்நூல் 188 அடிகளை உடையது. அகமா புறமா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்ட நூல் இது. அந்த வாதம் ஒருபுறம் இருக்கட்டும். குளிர் வந்தபோது மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை இந்நூல் எத்துணை நுட்பமாகச் சொல்கிறது என்பதே இன்று நமக்கு வேண்டியது.

நகரத்து மாளிகைகளைப் பாருங்கள். கோடையிலே வீசிய விசிறிகள் முளைகளிலே தொங்குகின்றன. அவற்றின்மேல் சிலந்தி நூல் படர்ந்துவிட்டது. சந்தனம் அரைக்கும் கல் வேலையற்றுக் கிடக்கிறது. மேல்மாடத்துச் சாளரங்கள் அடைபட்டுள்ளன. குறுகிய வாய்க் கலத்திலுள்ள குளிர்ந்த நீரை எவரும் பருகுவதில்லை. அகன்ற வாயையுடைய தடாவிலே நெருப்பிட்டுக் குளிர் காய்கின்றனர். பருவம் மாறும்போது பழக்கத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற பாடம் இங்கே சொல்லாமலே சொல்லப்பட்டுவிட்டது.

இன்று நாம் செய்ய வேண்டியவையும் பெரும்பாலும் எளியவையே. வெந்நீர் பருகுதல், மல்லியும் இஞ்சியும் அவித்துக் குடித்தல், மிளகு ரசம், சூடான கஞ்சி ஆகியன தொண்டைக்கு இதம் தருவன. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. தடிமனை உண்டாக்குவது குளிரன்று, கிருமியே. குளிருக்கு அஞ்சிச் சாளரங்களை அடைத்து, ஒரே அறையிற் பலர் கூடியிருக்கும்போது அக்கிருமி ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எளிதாகத் தாவுகிறது. எனவே சாளரத்தைச் சற்றே திறந்து வைப்பதும், சவர்க்காரமிட்டுக் கைகழுவுவதும், இருமும்போது வாயை மூடுவதும் கசாயத்திலும் மேலான காப்பு எனலாம். நுவரெலியா போன்ற குளிர்ப் பிரதேசங்களிலே மூடிய அறைக்குள் கரி நெருப்பு வைப்போர் கூடுதல் அவதானமாக இருக்க வேண்டும். நிறமும் மணமும் இல்லாத காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு உறங்குபவரை உறக்கத்திலேயே கொன்றுவிடும்.

மாளிகையைக் காட்டிய நக்கீரர் ஊர்ப்புறத்தையும் காட்டுகிறார். வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டு நிலத்துக்கு மந்தையைப் பெயர்த்த ஆயர், நெருப்பிலே கையைக் காய்ச்சிக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு நடுங்குகின்றனர். மாடுகள் மேய்ச்சலை மறந்து நிற்கின்றன. இது பழங்காலத்துக் கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம். 2022 டிசம்பரில் மண்டோஸ் புயலை ஒட்டி வீசிய குளிர்காற்றிலே நமது வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நூற்றுக்கணக்கான கால்நடைகள் மடிந்தன. குளிர் எல்லோருக்கும் பொதுவெனினும், அதன் கொடுமை வெளியிலே நிற்பவர்க்கே மிகுதி. வயலிலும் தோட்டத்திலும் கடலிலும் உழைப்போர்க்கு அடைத்துக்கொள்ளச் சாளரம் ஏது?

மழையோடு வரும் நோய்களும் அவ்வாறே. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்திலே பரவி உயிர்களைப் பறித்த காய்ச்சல், எலிக்காய்ச்சல் எனக் கண்டறியப்பட்டது. எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்திலும் சேற்றிலும் இறங்குவோருக்குக் காலிலுள்ள சிறு காயம் வழியாகவும் இந்நோய் தொற்றும். வயலில் இறங்குவோர் காயத்தை மூடிக் கட்டுவதோடு, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலே தடுப்பு மாத்திரை பற்றியும் கேட்டறிதல் வேண்டும். டெங்கு நுளம்போ, தெளிந்து தேங்கிய நீரிலே ஒரு வாரமளவில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைந்துவிடும். ஆதலால் வாரத்துக்கு ஒருமுறை பூச்சாடி, சிரட்டை, தொட்டி ஆகியவற்றை வெறுமையாக்கித் தேய்த்துக் கழுவ வேண்டும். தேய்ப்பது ஏன் எனில், அதன் முட்டை ஈரம் வற்றினாலும் பல மாதங்கள் கெடாது ஒட்டியிருக்கும். காய்ச்சல் கண்டவர் அஸ்பிரின் போன்ற மாத்திரைகளைத் தாமாக விழுங்காது, இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் சென்று இரத்தத்தைப் பரிசோதிப்பதே அறிவுடைமை.

இனி, கொண்டாட்டத்துக்கு வருவோம். திருக்குறளிலே ‘மருந்து’ என்ற 95ஆம் அதிகாரத்தின் பத்துக் குறள்களில், உணவின் அளவு பற்றிச் சொல்வனவே மிகுதி. முன்பு உண்டது செரித்தபின் அளவறிந்து உண் என்பதே வள்ளுவர் கருத்து. முறுக்கும் பயற்றம் பணியாரமும் கேக்கும் பொங்கலும் ஒரு மாத காலத்துக்கு ஓயாமல் வருகின்ற வீட்டிலே, நீரிழிவு உள்ள பெரியவரை “இன்றைக்கு ஒரு நாள்தானே” என்று வற்புறுத்துவது அன்பாகாது. காய்ச்சலோடு இருப்பவர், “வராவிட்டால் குறை நினைப்பார்கள்” என்று விருந்துக்குப் போவதும் அத்தகையதே. முதியோரும் கைக்குழந்தைகளும் உள்ள வீட்டுக்கு அவர் கொண்டு போவது பலகாரப் பெட்டியை மட்டுமன்று. சுகமில்லை என்று ஒருவர் சொல்லி நின்றால், அதனைக் குறையாகக் கொள்ளாத பக்குவம் நமக்கும் வர வேண்டும்.

அதே அதிகாரத்தின் இறுதிக் குறளிலே, மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து கவனிப்பவன் என நான்கு கூறுடையது என்கிறார் வள்ளுவர். அந்த நான்காமவனை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். பிள்ளைகள் கடல் கடந்து போய்விட, தனித்த வீட்டிலே பனிக்காலத்தைக் கழிக்கும் முதியோர் இன்று நம் ஊர்களிலே பலர். அவர்களுக்கு மருந்தும் உண்டு, பணமும் வரும். கசாயம் காய்ச்சிக் கொடுக்கவும், இரவிலே மூச்சு வாங்கினால் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லவும் ஆளில்லை.

நெடுநல்வாடையின் இறுதியிலே இதற்கொரு விடை இருக்கிறது. நள்ளிரவு, தூறல் ஓயவில்லை, வாடை விளக்குச் சுடரைத் தெற்கே சாய்க்கிறது. அந்நேரத்திலே பாசறையில் மன்னன் உறங்காது, சிலரை மாத்திரம் உடன் அழைத்துக்கொண்டு, புண்பட்ட வீரரைக் காண நடந்து வருகிறான். குளிரிலே கதவடைத்திருக்கத் தடையில்லாதவன், நோயுற்றவரை நாடி வெளியே வருகிறான். அப்படி வருவதற்கு அரசனாக இருக்க வேண்டியதில்லை. இந்தப் பனிக்காலத்திலே அயல்வீட்டுப் பெரியவரை ஒரு தடவை எட்டிப் பார்த்து, “ஐயா, சாப்பிட்டீர்களா? காய்ச்சல் எப்படி?” என்று கேளுங்கள். அவருக்கு அதுவும் மருந்தே.