மார்வலியும் தலைவிதியும்

(ஆரணியில் நெசவாளத் தோழர்களிடையே செய்த சொற்பொழிவு)



இன்று மார்வலியைப் பற்றிப் பேசப்போகிறேன். "இது டாக்டர் பேசவேண்டிய விஷயமாயிற்றே, இவன் ஏன் பேசுகிறான்?" என்று சிலர் கேட்கலாம். நான் வைத்தியனல்லன். ஆனால் மார்வலி கண்டவன் டாக்டரிடம் போய்ச் சேருவதற்குள் அவனை வழிமறிக்கிறவை எவை? விதி, கிரகம், ராகுகாலம், திருஷ்டி. இவை போதாவென்று "வாய்வு" என்ற ஒரு வார்த்தை. இவைகளை வழியைவிட்டு விலக்குவது நம்முடைய வேலைதான்.

முதலில் சங்கதியைத் தெரிந்துகொள்ளுங்கள். இருதயம் என்பது கைமுஷ்டியளவுள்ள ஒரு சதைப்பை. நிமிஷத்துக்குச் சுமார் 70 தடவை, அதாவது நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 லட்சம் தடவை சுருங்கி விரிந்து, உடம்பு முழுமைக்கும் இரத்தத்தை அனுப்புகிறது. வேடிக்கை என்னவென்றால், தனக்குள்ளேயே நிறைந்திருக்கும் இரத்தத்தைக்கொண்டு அது தன் பசியைத் தீர்த்துக்கொள்ள முடியாது. அதன் மேற்புறத்தில் ஓடும் இரண்டு சிறு குழாய்களும் அவற்றின் கிளைகளும் கொண்டுவந்து கொடுத்தால்தான் அதற்குச் சாப்பாடு. ஊரார் கலியாணத்துக்கெல்லாம் பட்டு நெய்துகொடுத்துவிட்டு, தன் மகள் கலியாணத்துக்குக் கடனுக்குப் புடவை தேடும் நெசவாளியின் கதைதான் இருதயத்தின் கதையும்.

வருஷக்கணக்கில் அந்தக் குழாய்ச் சுவரில் கொழுப்பு முதலியவை படிந்து, ஏரிக்கால்வாயில் வண்டல் சேர்ந்ததுபோல் வழி குறுகுகிறது. பீடியும் சிகரெட்டும், இரத்தக் கொதிப்பும், சர்க்கரை வியாதியும் இதைத் துரிதப்படுத்துகின்றன. சும்மா உட்கார்ந்திருக்கும்போது வருகிற இரத்தம் போதும். மேடு ஏறினால், பாரம் தூக்கினால், கோபத்தில் கூச்சலிட்டால் போதாது. அப்போது அந்தச் சதை பசியால் கதறுகிறது. அந்தக் கதறல்தான் இந்த மார்வலி. டாக்டர்கள் இதை ஆஞ்சைனா என்பார்கள். குழாய் அடைபட்டு, சதை சாகவே தொடங்கினால் அது மாரடைப்பு.

இதை முதன்முதலில் தெளிவாக எழுதிவைத்தவர் வில்லியம் ஹெபர்டன் என்ற இலண்டன் வைத்தியர். 1768-ல் வைத்தியர் கல்லூரியில் படித்தார், 1772-ல் அச்சாயிற்று. அவரிடம் என்ன கருவி இருந்தது? படம் பிடிக்கும் யந்திரமில்லை. இருதயத்தில் வைத்துக் கேட்கும் குழாய்கூட அப்போது கிடையாது. நோயாளிகளைக் கேட்டார், சொன்னதை எழுதினார். நடக்கும்போது, அதிலும் சாப்பிட்டவுடன் மேட்டில் நடக்கும்போது நெஞ்சு இறுகுகிறது, நின்றால் போய்விடுகிறது. காரணம் இன்னதென்று அவருக்குத் தெரியாது. தெரியாததற்குக் கிரகத்தின்மேல் பழிபோடாமல், கண்டதை மட்டும் எழுதினார். பகுத்தறிவு என்று நாம் சொல்லுவது இதைத்தான். பாவில் ஓரிழை அறுந்தாலும் கண்டுபிடிக்கிற உங்களுக்கு, எத்தனை அடி நடந்தால் நெஞ்சு இறுகுகிறதென்று கவனிக்கவா தெரியாது?

காரணத்தைச் சந்தேகித்தவர் ஜென்னர். அம்மைப்பால் வைக்கும் முறையை 1796-ல் சோதித்துக் காட்டினாரே, அவரேதான். (அந்த அம்மையையும் மாரியாத்தாளின் கோபம் என்றுதான் நாம் வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தோம். 1980-ல் பெரியம்மை உலகத்திலேயே இல்லையென்று அறிவித்தாகிவிட்டது. ஆத்தாள் என்ன செய்தாள்?) ஜென்னரின் ஆசிரியர் ஜான் ஹன்டருக்கு இந்த நெஞ்சுவலி இருந்தது. இருதயக் குழாய்களில்தான் கோளாறென்று ஜென்னருக்குத் தோன்றியும், ஆசிரியர் மனம் வருந்துமேயென்று வெளியிடாதிருந்தார். 1793-ல் ஆஸ்பத்திரிக் கூட்டமொன்றில் வாக்குவாதம் முற்றி ஹன்டர் விழுந்து இறந்தார். அறுத்துப் பார்த்ததில் அக்குழாய்கள் கெட்டிப்பட்டிருந்தன.

இனி நம் ஊர் "வாய்வு"க்கு வருவோம். வாய்வு என்று ஒன்று இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் நடந்தால் வந்து, நின்றால் போகிற வலியை ஓமத்திரவத்தில் கரைக்கப் பார்க்காதீர்கள். நடுமார்பில் பாறாங்கல் வைத்தாற்போல் அழுத்தும். இடது தோள், கை, கழுத்து, தாடை, முதுகு, மேல்வயிறு எங்கும் பரவும். சில சமயம் வலியே தோன்றாமல் மூச்சுமட்டும் வாங்கும். சர்க்கரை வியாதிக்காரருக்கு வலி தெரியாமலேயும் போகலாம். உட்கார்ந்திருக்கும்போது எடுக்கிற ஈ.சி.ஜி. சரியாயிருந்தால்கூட இந்நோய் இல்லையென்று ஆகிவிடாது. ஆகையால் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதை டாக்டரிடம் விவரமாகச் சொல்லுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஹெபர்டன் தாம் பார்த்த ஏறக்குறைய 100 பேரில் பெண்கள் மூவர்தான் என்று எழுதினார். இந்நோய் ஆண்களுடையது என்ற எண்ணம் அதன்பின் வெகுகாலம் நின்றது. அது தப்பு. பெண்களுக்கும் வருகிறது, மார்பில் வலியைவிட ஓங்கரிப்பாகவும், களைப்பாகவும், முதுகு நோவாகவும் காட்டுவது பெண்களிடம் சற்று அதிகம். ஆனால் நம் வீட்டில் நடப்பதென்ன? ஆண்பிள்ளை நெஞ்சைப் பிடித்தால் தெரு கூடுகிறது. நாள் முழுதும் தார் சுற்றிக் கொடுத்து, மூன்று வேளை சமைக்கிறவள் நெஞ்சைப் பிடித்தால், "உலையை இறக்கிவிட்டு வா, பார்க்கலாம்" என்கிறார்கள். அவளுக்கும் இருப்பது இருதயந்தான் தோழர்களே!

"விதி முடிந்தால் யார் தடுக்க முடியும்?" என்பார்கள். விதியைப் போதிக்கிற புரோகிதரும் ஜோசியரும் தங்களுக்கு நெஞ்சுவலி வந்தால் எங்கே போகிறார்கள்? நமக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார்கள். ராகுகாலம் ஒன்றரை மணி, எமகண்டம் ஒன்றரை மணி, குளிகை ஒன்றரை மணி. ஆகப் பகல் 12 மணியில் நாலரை மணியைப் பஞ்சாங்கம் விழுங்கிவிடுகிறது. அடைபட்ட இருதயச் சதையோ அரைமணிக்குள்ளாகவே சாகத் தொடங்குகிறது. ராகுகாலம் கழியட்டுமென்று திண்ணையில் உட்காருகிறவன் எதற்காகக் காத்திருக்கிறான் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

விதியென்று விட்டிருந்தால் ஒன்றுமே நடந்திராது. பாறை பிளக்கும் வெடிமருந்தில் சேருகிற நைட்ரோகிளிசரினை 1879-ல் முர்ரல் என்பவர் இந்த வலிக்கு மருந்தாக்கினார். வெடிமருந்தால் பணக்காரரான நோபலுக்கே கடைசிக் காலத்தில் அதைத்தான் எழுதிக்கொடுத்தார்கள். அடைப்பைச் சுற்றி வேறு குழாய் வைத்துத் தைக்கும் பைபாஸ் சிகிச்சையை இந்தியாவில் முதன்முதலில் 1975-ல் செய்தது நம் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில்; டாக்டர் கே. எம். செரியன் செய்தார். குழாய்க்குள் பலூன் விட்டு விரிக்கும் முறையை 1977-ல் சூரிச்சில் குருன்ட்சிக் தொடங்க, 1986-ல் டாக்டர் மாத்யூ சாமுவேல் களரிக்கல் சென்னையில் செய்தார். எல்லோருக்கும் கத்தி வேண்டுமென்று பயப்படாதீர்கள். பலருக்கு மாத்திரையும், பீடியை விடுவதும், டாக்டர் சொன்ன அளவு நடையுமே போதும்.

நம்மவர்கள் போகாததற்கு இன்னொரு காரணம் கூலி. முன்பணம் வாங்கியிருக்கிறோம், புடவையை அறுத்துக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று தறிக்குழியிலேயே உட்கார்ந்திருக்கிறவர்கள் உண்டு. முதலாளிக்குப் புடவை இரண்டு நாள் தாமதித்தால் நஷ்டம் கொஞ்சந்தான். வேலை நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் கூலியைப் பிடிக்கக்கூடாதென்று தறிக்காரர்கள் ஒன்றுகூடிக் கேட்கவேண்டும்.

வலி வந்தால் செய்யவேண்டியது இது. வேலையை நிறுத்தி உட்காருங்கள். நாக்கடியில் வைக்கும் மாத்திரை உங்களுக்கென்று டாக்டர் கொடுத்திருந்தால், அவர் சொன்னபடி வையுங்கள்; பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். வலி முதல் தடவை வந்ததானாலும், சும்மா இருக்கையில் வந்தாலும், சில நிமிஷ ஓய்வில் தணியாவிட்டாலும், வேர்த்துக் கொட்டினாலும், உடனே 108-க்குச் சொல்லுங்கள். சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ தானே ஓட்டிக்கொண்டு போகக்கூடாது. வேலூர் சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போவதற்கு முன்பே முதல் மருந்து கிடைக்க வழியுண்டு. 2023-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டப்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலுமே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் 14-ஐக் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். உங்கள் தெருவுக்குப் பக்கத்து நிலையம் எதுவென்று நாளைக்கே விசாரித்து வையுங்கள். இனிக் கேள்விகள் இருந்தால் கேட்கலாம். தாய்மார்கள் முதலில் கேட்கட்டும்.