கலைத்தொழிலோர் ஊர் தேர்ந்த காரணம்



புழல் ஆதிநாதர் ஆலயத்தை வழிபட்டு, கொல்கத்தா நெடுஞ்சாலையில் மேலும் வடக்கே செல்வோர் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைக் காண்பர். சென்னை சென்ட்ரலிலிருந்து மின்ரயில் உண்டு. எண்ணூரில் துறைமுகம் உண்டு. நிலமும் நகரைவிட மலிவு. அதனால் இரும்பு ஆலைகள் அங்கே நெருங்கி நிற்கின்றன. ஆனால் ஆடை வடிவமைப்போரும் அனிமேஷன் கலைஞரும் தொழில் தொடங்க முற்படும்போது, வாடகை மிகுந்த சென்னைக்குள்ளேயே இடம் தேடுகின்றனர். இது இன்றைய இளைஞரின் ஆடம்பரம் என்று சிலர் குறை கூறுவதுண்டு. அது சரியன்று. இதே திருவள்ளூர் மாவட்டக் கடற்கரையின் வரலாறு வேறு காரணம் காட்டுகிறது.

கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே பழவேற்காடு. அங்கே டச்சுக்காரர் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பினர். அப்பகுதியின் கட்டமிட்ட துணிகளும் வண்ணந்தீட்டிய துணிகளும் கடல் கடந்து சென்று, தீவுகளின் நறுமணப் பொருள்களுக்கு மாற்றாயின. ஆங்கிலேயர் அதற்கு வடக்கே துர்க்கராயப்பட்டினத்தில் இருந்தனர். அங்கே நல்ல துணி போதிய அளவு கிட்டவில்லை. ஆகவே 1639-இல் பிரான்சிஸ் டே மதராசபட்டினத்தைத் தேர்ந்தார். துறைமுகம் என்று சொல்லத்தக்க ஒன்றும் அங்கில்லை. அலை மோதும் வெறும் மணற்கரைதான். நயமான துணி மலிவாகக் கிடைத்தது என்ற ஒன்றே அவருக்குப் பெரிதாயிற்று. கைத்திறன் இருந்த இடத்தை நாடி வணிகம் வந்தது என்பதே உண்மை.

பிறகு நெசவாளரைக் குடியேற்றும் முயற்சி தொடங்கியது. குடியேறுவோரிடம் உண்பன, உடுப்பன மீது 30 ஆண்டுகள் சுங்கம் இல்லை என்று அறிவிக்கப்பட்டது. நெசவாளரும் துணியில் ஓவியம் தீட்டுவோரும் வந்தனர். எனினும் வரிச்சலுகை மட்டுமே அவர்களைப் பிடித்து வைக்கவில்லை. தறியில் அமர்பவருக்கு நூல் நூற்போர் அருகில் வேண்டும். சாயமிடுவோர், வெளுப்போர் வேண்டும். வேலை முடியுமுன் கையில் முன்பணம் வேண்டும். இவை யாவற்றையும்விட முக்கியமானது, ஒருவர் விலையைக் குறைத்தால் மற்றொருவரிடம் செல்லும் வழி. பழவேற்காட்டில் டச்சுக்காரர், சாந்தோமில் போர்த்துகீசியர், கோட்டையில் ஆங்கிலேயர் என்று பல வணிகர் இருந்த காலம் அது.

அந்த வழியின் வலிமை 1680-இல் வெளிப்பட்டது. கும்பெனியார்மீது மனக்குறை கொண்ட ஓவியர் முதலியோர் ஊரைவிட்டே வெளியேறிச் சாந்தோமில் கூடினர். நகரம் தடுமாறியது. பிற்காலக் கவர்னர்கள் இதை மறக்கவில்லை போலும். 1717 முதல் 1720 வரை ஆண்ட காலட் திருவொற்றியூரருகே நெசவாளர்க்கென ஊர் அமைத்தார், அதுவே காலடிப்பேட்டை. 1734-இல் சின்னதறிப்பேட்டை, இன்றைய சிந்தாதிரிப்பேட்டை, உருவாயிற்று. நூற்போர், நெய்வோர், தீட்டுவோர், வெளுப்போர் ஆகியோரை ஒரே இடத்தில் குடியமர்த்துவதே அதன் நோக்கம்.

கும்மிடிப்பூண்டியில் இன்று ஆலைக்குரிய வசதிகள் உள்ளன. ஆனால் ஒரு வடிவமைப்பாளர் தம் மாதிரியைத் தைத்துத் தரத் தையற்காரரையும், படம் எடுக்க ஒளிப்படக் கலைஞரையும், முதல் வாடிக்கையாளர் கைவிட்டால் இரண்டாமவரையும் அங்கே எளிதில் காண முடிவதில்லை. பணிக்கு வருவோரிலும் பலர் மாலை ரயிலில் சென்னைக்குத் திரும்பிவிடுகின்றனர். இருட்டிய பின் உரையாட ஆள் இல்லாத ஊரில் புதுக்கருத்து பிறப்பதரிது. மனை விலையை இன்னும் குறைத்து இதைச் சரிசெய்ய இயலாது.

பழவேற்காட்டின் கதையோ வேறு. 1690-இல் டச்சுக்காரரே தம் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டனர். துணி வாணிகத்தின் பெருமையும் மங்கியது. பனையோலையில் பெட்டியும் கூடையும் முடையும் பெண்கள் இன்றும் அங்கே உள்ளனர். அப்பொருள்களுக்கு நல்ல விலை சென்னைக் கண்காட்சிகளில்தான் கிடைக்கிறது. முடைவோர் இடம்பெயரவில்லை, கூடைகள் மட்டும் பேருந்தில் ஏறுகின்றன.