உறவு முறிந்தாலும் பேச்சு முறியலாமா?

(பரிசளிப்பு விழா உரையின் எழுத்து வடிவம்)

  

பரிசு வாங்கக் காத்திருக்கும் பிள்ளைகளை நான் ரொம்ப நேரம் உட்கார வைக்க மாட்டேன். ஒரே ஒரு கேள்வி. பக்கத்து வீட்டோடு சண்டை வந்தால் பேச்சை அடியோடு நிறுத்திவிடலாமா?

1963 செப்டம்பர் 16-இல் மலேசியா பிறந்தது. மறுநாளே இந்தோனேசியாவுடன் தூதரக உறவு முறிந்தது. அதற்கும் மறுநாள் ஜகார்த்தாவில் பிரிட்டிஷ் தூதரகத்தையே கொளுத்திவிட்டார்கள். எங்கோ நடந்த சண்டை என்று நினைக்காதீர்கள். 1964 ஆகஸ்ட் 17-இல் நம் ஜொகூரின் பொந்தியான் கரையில் இந்தோனேசியப் படையினர் படகில் வந்து இறங்கினார்கள். செப்டம்பர் 2-ஆம் தேதி இருட்டோடு இருட்டாக லாபிஸ் பக்கம் ஏறக்குறைய நூறு பேர் பாரசூட்டில் குதித்தார்கள். உள்ளூர் மக்கள் கை கொடுப்பார்கள் என்று நம்பித்தான் வந்தார்கள். அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. கூர்க்கா, நியூசிலாந்து வீரர்களும் நம் பாதுகாப்புப் படையினரும் அவர்களைத் தேடிப் பிடித்தார்கள்.

இப்போது கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். அதே மாதம் 'விக்டோரியஸ்' என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஆஸ்திரேலியாவிலிருந்து சிங்கப்பூருக்குத் திரும்ப வேண்டும். சுண்டா நீரிணை வழியாக வரக்கூடாது என்றது இந்தோனேசியா. வந்தே தீருவோம் என்று பிரிட்டன் பிடிவாதம் பிடித்திருந்தால்? அந்தக் கப்பல் மீது ஒரே ஒரு குண்டு விழுந்திருந்தால்? ஐயோ, அவ்வளவுதான்! இந்தோனேசிய விமானத் தளங்களைத் தாக்கும் திட்டம் பிரிட்டனிடம் தயாராக இருந்தது. பதிலுக்கு அடி எங்கே விழுந்திருக்கும்? பிரிட்டனின் செம்பவாங் கடற்படைத் தளம் ஜொகூர் பாருவுக்கு நேர் எதிர்க்கரையில்தானே இருந்தது! நம் தோட்டங்களும் பள்ளிகளும் என்ன ஆகியிருக்கும்?

அப்படி நடக்கவில்லை. ஏன்? லொம்போக் நீரிணை வழியாகப் போகலாம் என்று இந்தோனேசியா ஒரு வழி விட்டது. பிரிட்டனும் அதை ஏற்றுக்கொண்டது. செப்டம்பர் 12-இல் கப்பல் அவ்வழியே கடந்தது. இரு தரப்புக்கும் மானம் போகவில்லை, போரும் மூளவில்லை.

பேச்சும் அற்றுப் போகவில்லை. 1964 ஜூனில் தோக்கியோவில் பேசினார்கள், தோற்றது. ஜகார்த்தாவில் அதிகாரம் கைமாறியபின் 1966-இல் பேங்காக்கில் மறுபடி பேசினார்கள்; வென்றது. ஆகஸ்ட் 11-இல் துன் அப்துல் ரசாக்கும் ஆடம் மாலிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அடுத்த ஆண்டே, 1967 ஆகஸ்ட் 8-இல், அதே இருவரும் ஆசியானைத் தொடங்கிவைத்த ஐவரில் இடம்பெற்றார்கள். அவர்களோடு சிங்கப்பூர் சார்பில் அமர்ந்தவர் யார் தெரியுமா? யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த தமிழர் எஸ். ராஜரத்தினம்!

பிள்ளைகளே, நீங்களும் விளையாட்டில் 'காய்' விடுகிறீர்கள். கொஞ்ச நேரத்தில் 'பழம்' விட்டுச் சேர்ந்துகொள்கிறீர்கள். பெரிய நாடுகளுக்கு அதைச் செய்ய மூன்று ஆண்டுகள் ஆயின. அதற்குள் எத்தனையோ தாய்மார் பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள், அக்கரையிலும் இக்கரையிலும்.

ஆகவே, கோபம் வரட்டும், கதவைச் சாத்துங்கள். ஆனால் தாழ் மட்டும் போடாதீர்கள். எதிராளி திரும்பி வர ஒரு வழி விட்டு வையுங்கள். இன்று பரிசு பெறுவோருக்கு என் வாழ்த்து; அடுத்த ஆண்டு பெறப்போவோருக்கும் என் வாழ்த்து.