வோடன் பேரனும் ஆதாம் பேரனும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது, சுமார் 1,400 வருஷங்களுக்கு முன் இங்கிலாந்தில் இருந்த ஆங்கிலோ-சாக்ஸன் என்னும் ஜனங்களைப் பற்றியதாகும். அவர்களுக்குள் அரசன், சாமி, மேலோன், கீழோன் என்பவையெல்லாம் யாரால், எதற்காக ஏற்பட்டன என்று பார்ப்போம்.

அப்போது அந்நாடு ஒரே ராஜ்யமல்ல. கென்ட், மெர்ஸியா, நார்த்தம்பிரியா, வெஸ்ஸெக்ஸ் என்று பல. அந்த ராஜவம்சத்தாரில் பெரும்பாலோர் தங்களை வோடன் என்னும் தெய்வத்தின் சந்ததி என்று சொல்லிக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் புதன்கிழமைக்குள்ள பெயர் இந்த வோடன் பெயர்தான்.

597இல் ரோமாபுரியிலிருந்து அகஸ்டின் என்னும் பாதிரி கென்ட்டுக்கு வந்தார். அவ்வரசன் ஏதல்பெர்ட் கிறிஸ்துவனானான். மற்ற ராஜ்யங்களும் ஒவ்வொன்றாக மதம் மாறின. சரி, வோடன் பொய்ச்சாமி என்று ஆன பிறகு, வோடன் பேரன் என்கிற பெருமையும் போக வேண்டியதுதானே? போகவில்லை! வோடனை மனிதனாக்கி, அவனுக்கு மேலே புதுப் பாட்டன்மார்களைச் சேர்த்துக்கொண்டார்கள். 855ஆம் வருஷக் குறிப்பில் வெஸ்ஸெக்ஸ் அரசன் ஏதல்வுல்பின் வம்சாவளி, வோடனைத் தாண்டி, நோவாவின் கப்பலில் பிறந்த ஒரு பிள்ளை வழியாக ஆதாம் வரை போகிறது. அப்படி ஒரு பிள்ளை கப்பலில் பிறந்ததாக பைபிளிலேயே கிடையாது. அரசனுக்கு வேண்டுமென்றால் கப்பலிலும் பிள்ளை பிறக்கும் போலும்!

புரோகிதர் சங்கதியையும் கேளுங்கள். 627இல் நார்த்தம்பிரியா அரசன் எட்வின் மதம் மாறலாமா என்று சபை கூட்டினான். பழைய சாமிகளின் தலைமைப் பூசாரி கோய்பி எழுந்து, "இச்சாமிகளை என்னைவிடப் பக்தியாய்த் தொழுதவர் எவருமில்லை, ஆனால் அரசரிடம் என்னைவிட அதிக வெகுமதி பெற்றவர்கள் பலர், ஆகவே இச்சாமிகளுக்குச் சக்தியில்லை" என்கிற கருத்தில் பேசினார். பிறகு அவரே ஆயுதம் தரித்து, குதிரையேறிப் போய்த் தன் கோவிலுக்குள் ஈட்டியை எறிந்தார். கோவிலைக் கொளுத்தச் சொன்னார். இதை எழுதி வைத்தவர் நாஸ்திகரல்ல. 731இல் தம் சரித்திரத்தை முடித்த பீட் என்னும் கிறிஸ்துவ சந்நியாசி. பூசாரி பக்தியை எந்தத் தராசில் நிறுத்தார் என்பதை நீங்களே யோசியுங்கள்.

சாமி மாறிற்றே, நீதி மாறிற்றா? சுமார் 600இல் ஏதல்பெர்ட் போட்ட சட்டத்தைப் பாருங்கள். சாதாரணக் குடியானவன் சொத்தைத் திருடினால் 3 மடங்கு ஈடு. அரசன் சொத்தானால் 9 மடங்கு. பாதிரி சொத்துக்கும் 9 மடங்கு. பிஷப்புக்கு 11. கடவுள் சொத்துக்கும் கோவில் சொத்துக்கும் 12! கடவுள் வந்து 12 மடங்கு வாங்கிக்கொண்டாரா? வாங்கியவர் யார்?

உயிருக்கும் விலையுண்டு. வெஸ்ஸெக்ஸ் சட்டப்படி குடியானவனைக் கொன்றால் 200 ஷில்லிங். பிரபுவைக் கொன்றால் 1,200. சாட்சி சொல்லும்போதும் ஒரு பிரபுவின் சத்தியம் ஆறு குடியானவர் சத்தியத்துக்குச் சமம். உண்மைக்குக்கூட அந்தஸ்து பார்த்தார்கள்! அடிமையைக் கொன்றால் அவன் எசமானனுக்கு நஷ்டஈடு; மாடு செத்த கணக்குத்தான். எல்லோரும் ஆதாம் பிள்ளைகள் என்று போதித்த மதம் வந்த பிறகும் அடிமைகள் அடிமைகளாகவே இருந்தார்கள். 1086இல் எடுத்த கணக்கிலும் அடிமைகள் ஆயிரக்கணக்கில் பதிவாகியிருக்கிறார்கள்.

பிறகு அரசனுக்குப் புனிதத் தைலம் பூச ஆரம்பித்தார்கள். மெர்ஸியா அரசன் ஓபா, தன் மகன் எக்பிரித்துக்கு 787இலேயே அபிஷேகம் செய்வித்தான். 796இல் தகப்பன் இறந்தான். அபிஷேகம் பெற்ற மகனும் அதே வருஷத்தில், சில மாதங்களிலேயே இறந்தான். தைலம் என்ன செய்தது?

ஆனால் அதே ஜனங்கள் 757இல் வேறொன்றும் செய்து காட்டினார்கள். வெஸ்ஸெக்ஸ் அரசன் சிகெபெர்ட் அநியாயம் செய்தான் என்று, பெரியோர் சபையார் அவனைப் பட்டத்திலிருந்து நீக்கினார்கள். வோடன் கோபித்து இடி விழவில்லை; வானம் இடிந்து விழவுமில்லை.

ஆகவே தோழர்களே! அரசனை உண்டாக்கியவர்களும் மனிதர்கள், தள்ளியவர்களும் மனிதர்கள். மூன்று மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று எழுதியதும் மனிதர் கைதான். மனிதர் எழுதியதை மனிதர் அழிக்கலாம். எந்தச் சட்டத்தையாவது கடவுள் பேரால் கொண்டுவந்து காட்டினால், அதில் யாருக்கு எத்தனை மடங்கு என்று முதலில் கேளுங்கள். நாம் சொன்னதையும் அப்படியே கேட்டுச் சோதித்துப் பார்த்து, சரியென்று பட்டால் மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.